ஏற்றத்தில் யார் இழுத்தது

ஆறிப்போன டீயை நான் குடிப்பதில்லை. இந்தக் கோப்பையை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். கொடுத்ததைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எஞ்சினில் வேலை பார்த்தவனுக்கு டீ என்றால் நாக்கைச் சுட வேண்டும். பாய்லர் முகத்துக்கு மேலே ஒரு இரும்புத் தட்டு இருக்கும். கேனை அதில் வைத்துவிட்டால் நாள் முழுக்கக் கொதி ஆறாது. இந்த வேலையில் எனக்குப் பிடித்தது அந்த ஒன்றுதான் என்று சொன்னாலும் தப்பில்லை.

போன தடவை விசாரணைக்கு வந்தபோது இதே நாற்காலியில் உட்கார்ந்து ஒன்று சொன்னேன். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். இன்றைக்கு வேறொன்று சொல்ல வந்திருக்கிறேன். எதை நம்புவது என்று உங்களுக்குக் குழப்பமாக இருக்கும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இரண்டையும் நம்ப மாட்டேன். என் சுபாவம் அப்படி. எங்கள் அம்மா செத்தபோது அக்கம்பக்கமெல்லாம் அழுதது. நான் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அழுதேன். அப்போது தம்பி என் இடுப்பில் இருந்தான். அவன் எதற்கு என்று தெரியாமலேயே எல்லோருக்கும் முன்னால் அழ ஆரம்பித்துவிட்டான். எங்கள் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

நீங்கள் படித்தவர், மேசை வேலைக்காரர். வண்டி எப்படி ஏறுகிறது என்று தெரிந்தால்தான் நான் சொல்வது விளங்கும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கீழே கல் குவாரி. மேலே ஆலை. நடுவில் மலை. கல் ஏற்றிய வண்டியை ஒரு எஞ்சின் மேலே கொண்டுபோக முடியாது. இரண்டு வேண்டும். இரண்டையும் முன்னால் கட்டினால், அவ்வளவு பாரத்தையும் முதல் வேகனின் கொக்கி தாங்க வேண்டிவரும், அது அறுந்துவிடும். அதனால் முன்னால் ஒன்று இழுக்கும், பின்னால் ஒன்று தள்ளும். முன் எஞ்சின் என்னுடையது. பின் எஞ்சின் என் தம்பியுடையது. கல் வண்டிதானே என்று, கடைசியில் கொடி காட்டுகிற கார்டு கிடையாது. ஆளுக்கு ஒரு ஃபயர்மேன், கரி அள்ளிப்போட. அவ்வளவுதான்.

முன்னவன் கண்ணுக்குப் பின்னவன் தெரிய மாட்டான். வளைவும் மலையும் மறைத்துவிடும். கண்ணுக்கு வேலையில்லை, காதுக்குத்தான். நான் நீளமாக ஒரு விசில் ஊதினால், ‘திறக்கிறேன், தள்ளு’ என்று அர்த்தம். அவன் அதே மாதிரி ஒன்று திருப்பி ஊதுவான். பிறகுதான் இரண்டு பேரும் ரெகுலேட்டரைத் திறப்போம். அந்தக் கைப்பிடிதான் நீராவியைச் சக்கரத்துக்கு அனுப்புவது. நான் முந்திக்கொண்டால் கொக்கி தெறிக்கும். அவன் முந்திக்கொண்டால் நடு வேகன் தண்டவாளத்தைவிட்டு எழும்பிவிடும். ஒரே மூச்சில் திறக்க வேண்டும். நீராவியை மூடுவதென்றால் குட்டையாக ஒரு விசில். ஊதாமல் மூடக் கூடாது. அது சட்டம்.

ஷெட்டில் ஒரு ஃபிட்டர் இருக்கிறான், வாயாடி. “புருஷன் பொண்டாட்டி மாதிரிதான் இதுவும். ஆனா வீட்டுல ஒருத்தர் கேக்கலன்னா சாப்பாடு மட்டும்தான் கெடும்” என்பான். அவனுக்குப் பொண்டாட்டி இல்லை. எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை.

ஏற்றத்தின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு குகை. மலையைக் குடைந்து போட்டது, உள்ளே வளைந்து போகும். குகைக்கென்று தனிச் சட்டம் உண்டு. நுழையும் முன்பே இரண்டு ஃபயர்மேன்களும் கரி போடுவதை நிறுத்திவிட வேண்டும். நெருப்பு வெள்ளையாக எரிந்தால் புகை குறைவு. அப்படியும் முன் எஞ்சின் விட்ட புகையெல்லாம் பின் எஞ்சின்காரனுக்குத்தான். அவன் புகையும் அவனுக்கே. ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, சீக்கிரம் வெளியே வந்துவிட வேண்டும். அங்கே நிற்கக் கூடாது. நின்றுவிட்டால் பின்னவன் குட்டைக் குட்டையாக மூன்று ஊதுவான். ‘பின்னால் இறங்கலாமா’ என்று கேட்கிறான். முன்னவன் மூன்று திருப்பி ஊதி, பிரேக்கை விட்டால், இரண்டு பேரும் சேர்ந்து கீழே இறங்கி வெளிக்காற்றுக்குப் போய்விடலாம். பதில் வராமல் பின்னவன் அசையக் கூடாது. ஒருவன் மேலே இழுக்க, ஒருவன் கீழே இழுக்க வண்டி அறுந்தால், கல் வேகனெல்லாம் குவாரி வரைக்கும் ஓடும். அங்கே கல் உடைக்கிற ஜனங்கள் லைன் மேலேயே உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

இதையெல்லாம் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தது நான். சாம்பல் அள்ளுகிற வேலையில் அவனைச் சேர்த்துவிட்டதும் நான். யார்டில் லைன் தாண்டும்போது அவன் என் கையைப் பிடித்தான் என்றால் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகும் விட மாட்டான். விரல் விரலாகப் பிரிக்க வேண்டும். “விடுடா, ஆள் பார்த்தா சிரிப்பாங்க” என்பேன். “சிரிக்கட்டும்ணே” என்பான்.

எனக்குப் படிப்பு ஏறவில்லை. அவனுக்குக் கொஞ்சம் ஏறியது. பரீட்சை எழுதினான், டிரைவர் ஆனான். புது எஞ்சின் வந்தபோது அதை அவனிடம் கொடுத்தார்கள். என்னிடம் பழையதே இருந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. பழைய எஞ்சினுக்கு என் கை தெரியும்.

வருத்தம் வேறு. இரண்டு எஞ்சின் ஒரு வண்டியை ஏற்றினால், யார் எவ்வளவு இழுத்தார் என்று எந்தச் சாமிக்கும் தெரியாது. வண்டி மேலே போய்ச் சேர்ந்தால் இரண்டு பேருக்கும் பேர். ஒருவன் ரெகுலேட்டரைக் கால்வாசி திறந்துவிட்டுக் கூவிக்கொண்டே வரலாம். யார் கேட்பது? இது என் மண்டையில் முதலில் இல்லை. அந்த ஃபிட்டர் போட்ட விதை. ஒருநாள் என் எஞ்சினுக்குக் கரி ஏற்றும்போது சொன்னான்.

“என்ன பெரியவரே, உங்க எஞ்சினுக்கு யானைப் பசி. தம்பி எஞ்சின் பெருசு, ஆனா அதுல பாதிகூடத் திங்க மாட்டேங்குது.”

“அதுக்கு?”

“அதுக்கு ஒண்ணுமில்ல. ரெண்டு மாடு பூட்டின வண்டியில ஒரு மாடு கழுத்தைச் சும்மா நீட்டிக்கிட்டு வந்தா இன்னொரு மாட்டுக்குத்தானே வலிக்கும். சொன்னேன்.”

அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். நான் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஏற்றத்தில் காதை வைத்துக் கேட்டேன். என் புகைபோக்கி மலை அதிர முழங்கும். பின்னாலிருந்து மெத்தென்று ஒரு சத்தம்தான் வரும், தூங்குகிறவன் மூச்சு மாதிரி. எனக்கு வேர்த்துக் கொட்டும். மேலே போய் இறங்கினால் அவன் முகம் கழுவி, தலை சீவி, “என்னண்ணே, களைச்சுட்டீங்களா?” என்று வருவான். கேட்பவன் களைக்காதவன் என்றால், வேலை செய்தது யார்? நீங்களே சொல்லுங்கள்.

அவனிடம் நேரே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் இல்லை என்றுதான் சொல்லுவான். உண்மையாக இருந்தாலும் அதைத்தான் சொல்லுவான், பொய்யாக இருந்தாலும் அதைத்தான் சொல்லுவான். கேட்டு என்ன ஆகப்போகிறது?

விபத்துக்கு முந்தின வாரம் அவன் வீட்டில் சாப்பிட்டேன். என் வீட்டில் சமைக்க ஆள் இல்லை, பொண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். வாரம் ஒருநாள் தம்பி பொண்டாட்டிதான் கூப்பிட்டுப் போடுவாள். அவள் என்னை மாமா என்பாள். அவன் மகள் பெரியப்பா மடியில் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன் என்று அடம் பிடிப்பாள். என் மீசையில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. அதை அவள் எடுத்துத் தின்றாள். எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்கினதும் அவன் பேச்சை எடுத்தான்.

“அண்ணே, ஒண்ணு சொல்லுவேன், கோவிச்சுக்கக் கூடாது.”

“கோவிச்சுக்கறதும் கோவிச்சுக்காததும் நீ சொல்றதைப் பொறுத்து.”

“அடுத்த மாசத்துல இருந்து நீங்க கீழ யார்டுலயே வண்டி எடுங்களேன். சமதரை, உடம்புக்கு நல்லது. ஏத்தத்தை நான் பார்த்துக்கறேன். நான் பெரிய சார்கிட்டப் பேசிட்டேன்.”

“பேசிட்டியா?”

“இல்லண்ணே, சும்மாதான்... உங்களுக்கு மூச்சு வாங்குதே.”

“எனக்கு மூச்சு வாங்குதா, உனக்கு என் இடம் வேணுமா?”

அவன் பொண்டாட்டி கரண்டியோடு அப்படியே நின்றாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு, “சாப்பிடுங்கண்ணே, ஆறுது” என்றான். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. குற்றமில்லாதவன் பேசியிருப்பான் என்று அப்போது நினைத்தேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போதே முடிவு செய்துவிட்டேன். கெட்ட எண்ணம் இல்லை. தராசில் போட்டுப் பார்ப்பது மாதிரி ஒரு பரீட்சை. ஏற்றத்தில், சொல்லாமல், என் ரெகுலேட்டரை மூடிவிடுவது. என் இழுப்பு நின்றால் அவன் தள்ளுவது எவ்வளவு என்று தெரிந்துவிடும். சும்மா வருகிறவன் என்றால் வண்டி அந்த இடத்திலேயே நின்றுபோகும். கட்டை பார்ப்பான், ஊர் பார்க்கும், அவனும் பார்ப்பான். கட்டை என்பது என் ஃபயர்மேன். ஆள் குட்டை, அதனால் கட்டை.

குகையில் ஏன் மூடினேன் என்று நீங்கள் கேட்பீர்கள். ஏற்றம் அங்கேதான் அதிகம். பரீட்சை என்றால் கஷ்டமான இடத்தில்தானே வைக்க வேண்டும்? வேறு காரணம் இல்லை. இல்லை என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.

அன்றைக்கு நல்ல வெயில். குவாரியில் நான் ஊதினேன், அவன் பதில் ஊதினான். அவன் விசிலுக்கு ஒரு வால் உண்டு. நீளமாக ஊதி, கடைசியில் ஒரு சின்ன இழுப்பு இழுப்பான். சட்டத்தில் இல்லாதது. குவாரி ஜனங்கள், “பெரியவரே, தம்பி அண்ணேன்னு கூப்பிடுறாரு” என்று கேலி பண்ணுவார்கள். அவன் மகள் வீட்டு ஜன்னலில் நின்று அந்த வாலை மட்டும் கூடவே கத்துவாள். எனக்கு அது பிடிக்காது. வேலையில் என்ன அண்ணன் தம்பி?

குகை வாயில் கரியை நிறுத்தினோம். உள்ளே போனோம். என் எஞ்சின் மறுபக்கம் வெளியே வந்து, வேகன்கள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்தன. பின் எஞ்சின் அப்போது சரியாகக் குகையின் நடுவில் இருக்கும். அந்தக் கணக்கு எனக்குத் தூக்கத்திலும் தெரியும். கட்டையிடம், “மணல் குழாய் அடைச்சிருக்கு, முன்னாடி போய்த் தட்டிட்டு வா” என்றேன். சக்கரம் வழுக்காமல் இருக்கத் தண்டவாளத்தில் மணல் விழ ஒரு குழாய் உண்டு. அது அடைத்திருக்கவில்லை. அவன் ஓரப் பலகையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனான். நான் ரெகுலேட்டரை மூடினேன். விசில் ஊதவில்லை.

பிறகு வண்டி நின்றது.

என் பிரேக் கட்டைகள் சூடேறி நீலம் பாய்ந்திருந்தன என்று ஃபிட்டர் உங்களிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதற்கு வருகிறேன். முதலில் இதை முடித்துவிடுகிறேன்.

வண்டி நின்றதும் பின் எஞ்சின் சக்கரம் வழுக்கிச் சுழல்கிற சத்தம் கேட்டது, ஒரு தடவை, இன்னொரு தடவை. பிறகு அடங்கியது. குகை வாயிலிருந்து புகை கெட்டியாக வந்தது, பஞ்சு மூட்டையைப் பிதுக்கின மாதிரி. நான் கேனை எடுத்து டீ ஊற்றிக்கொண்டேன். சூடாக இருந்தது.

மூன்று விசில் வந்தது. குட்டைக் குட்டையாக, சட்டப்படி.

கட்டை திரும்பி வந்தான். “பெரியவரே, மூணு ஊதறாங்க.”

“கேட்டுச்சு.”

“பதில் ஊதலையா?”

“ஸ்டீம் இறங்கிருச்சு. ஏறட்டும்.”

அவன் முள்ளைப் பார்த்தான். ஸ்டீம் இறங்கியிருக்கவில்லை. அவன் என்னைப் பார்த்தான். எத்தனையோ வருஷமாக என்னோடு வேலை செய்கிறவன். மறுபடியும் மூன்று வந்தது.

“உள்ள தம்பி இருக்காரு பெரியவரே.”

“யாரு இருக்கான்னு எனக்குத் தெரியும். நீ மணலைப் பாரு.”

புகை ஆளைக் கொல்லும் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். குகையில் மாட்டிக்கொண்டால் எஞ்சினைவிட்டு இறங்கி, சுவரோரம் ஓடுகிற தண்ணீர் வாய்க்காலில் முகத்தை வைத்துப் படுத்துக்கொள்ள வேண்டும். அங்கே கொஞ்சம் காற்று இருக்கும். அதையும் நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இறங்கிப் படுத்துக்கொள்வான் என்று நினைத்தேன். கொஞ்சம் இருமட்டும், அப்புறம் பதில் ஊதுவோம் என்று நினைத்தேன். அவன் எஞ்சினைவிட்டு இறங்குகிற ஆளா என்று என்னைக் கேட்காதீர்கள்.

மூன்று இன்னும் சில தடவை வந்தது. பிறகு மூன்று வரவில்லை. நீளமாக ஒன்று வந்தது, கடைசியில் அந்த வாலோடு. சட்டத்தில் அதற்கு அந்த இடத்தில் ஒரு அர்த்தமும் கிடையாது. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? கேலி பண்ணுகிறான் என்று தோன்றியது. டீ ஆறுவதற்குள் குடித்து முடித்தேன்.

கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு நீளமாக ஊதினேன். பதில் இல்லை. இன்னொரு தடவை ஊதினேன். ரோஷம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று கட்டையிடம் சொன்னேன். கட்டை ஏற்கெனவே கீழே இறங்கி ஓடிக்கொண்டிருந்தான். குகை வாய் வரைக்கும் போனான். உள்ளே போக முடியாமல் இருமிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

குகைக்கு மேலே மலையில் ஒரு ஒற்றையடிப் பாதை இருக்கிறது. அந்த வழியாக ஒருவன் உருண்டு புரண்டு வந்தான். தம்பியின் ஃபயர்மேன். ஒல்லி என்று கூப்பிடுவோம். உடம்பெல்லாம் கரி, சட்டையெல்லாம் தண்ணீர், முகத்தில் இரண்டு ஈரத்துணி. ஒன்று அவனுடையது. இன்னொன்று தம்பியுடையது. சிவப்புக் கரை போட்டது, நான் வாங்கிக் கொடுத்தது. கீழ் வாய் வழியாக ஊர்ந்து வெளியே வந்து மலையைச் சுற்றி ஏறியிருக்கிறான். என் எஞ்சின் படியைப் பிடித்துக்கொண்டு அவன் கேட்ட முதல் வார்த்தையைச் சொல்கிறேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

“பெரியவரே, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?”

இருமிக்கொண்டே மேலே சொன்னான்.

“அண்ணனுக்கு என்னமோ ஆயிருச்சு, இல்லன்னா மூணுக்குப் பதில் ஊதாம இருக்க மாட்டாருன்னாரு. நெஞ்சு வலியா இருக்கும்னாரு. அண்ணன் பிரேக் போடாம விழுந்திருந்தா வண்டி கீழ ஓடிரும், நான் புடிச்சுக்கறேன், நீ இறங்கிப் போய் அண்ணனைப் பாருன்னாரு. துணியையும் அவுத்துக் கட்டிவிட்டாரு. நீங்களும் வாங்கன்னு கையைப் புடிச்சு இழுத்தேன், வரல. நல்லாத்தானே இருக்கீங்க?”

அப்போது அவன் என் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த கோப்பையைப் பார்த்தான். டீ வாசனை இன்னும் போகவில்லை. அதற்குப் பிறகு அவன் என்னிடம் பேசியதில்லை.

புகை போனதும் உள்ளே போனோம். தம்பி இருக்கையிலிருந்து சரிந்து, ஆனால் விழாமல் இருந்தான். பிரேக் கைப்பிடியைப் பிடித்த கை அவனைத் தாங்கியிருந்தது. மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தேன். நான் நம்பாதவன் என்றுதான் முதலிலேயே சொன்னேனே. நெடுநேரம் வைத்திருந்தேன். கட்டைதான் என் கையை எடுத்தான்.

பிரேக்கிலிருந்து அவன் கையை நான் பிரித்தேன். விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

இதற்குப் பிறகுதான் உங்களிடம் வந்தேன். பின் எஞ்சின் தள்ளவில்லை, அதனால் வண்டி நின்றது என்று சொன்னேன். ஏன் சொன்னேன்? என் பரீட்சையில் அதுதான் விடை என்று நான் முன்பே வைத்திருந்தேன். விடையை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டவன், கணக்கு வேறு மாதிரி வந்தாலும் விடையை மாற்ற மாட்டான். நீங்களும் அதை எழுதிக்கொண்டீர்கள். பின் டிரைவரின் அசட்டை என்று எழுதினீர்களாம். தம்பி பொண்டாட்டி, வேலைக்காகக் கொடுத்த வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று ஆள் வந்து சொன்னானாம்.

நேற்றுக் காலையில் அவள் என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை, வாசற்படியில் நின்றாள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரவில்லை.

“மாமா, ஒண்ணு கேக்கணும். அவர் தள்ளலைன்னு சொல்றாங்க. நீங்கதான் சொன்னீங்கன்னும் சொல்றாங்க.”

“உள்ள வந்து தண்ணி குடி.”

“தண்ணி வேணாம். பதில் சொல்லுங்க.”

அவள் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை.

“போன வருஷமே மெயில் வண்டி குடுத்தாங்க மாமா, உங்களுக்குத் தெரியுமா? வேணாம்னுட்டாரு. நான் சண்டை போட்டேன். அண்ணன் எஞ்சின் பழசாயிருச்சு, ஸ்டீமெல்லாம் வீணா வெளிய போவுது, சத்தம்தான் இருக்கு, இழுப்பு இல்ல, நான் பின்னாடி இல்லன்னா ஏத்தத்துல நின்னுரும், எல்லாரும் சிரிப்பாங்க, அண்ணன் தாங்க மாட்டாருன்னாரு. அவருக்கு ஓய்வு வர்ற வரைக்கும் நான் தாங்கிக்கறேன், நீ இதை வாயைத் தொறந்து சொல்லிடாதேன்னாரு. நான் சொல்லல. இத்தனை நாளும் சொல்லல. அப்படிப்பட்டவரா மாமா தள்ளல?”

எனக்கு அவள்மேல் நம்பிக்கை வரவில்லை. புருஷனைப் பற்றிப் பொண்டாட்டி வேறு என்ன சொல்வாள்? நேராக ஷெட்டுக்குப் போய் ஃபிட்டரைப் பிடித்தேன். என் எஞ்சினைத் திறந்து போட்டிருந்தான். உருளைக்குள் ஓடுகிற வளையங்களைக் கையில் எடுத்துக் காட்டினான். தேய்ந்து தகடாகியிருந்தன. “நீராவி சக்கரத்துக்குப் போகல பெரியவரே, பக்கவாட்டுல நழுவி நேரா வானத்துக்குப் போயிருக்கு. யானைப் பசின்னு சொன்னேனே, வயித்துல ஓட்டைன்னு அப்ப தெரியல” என்றான். முதல் தடவையாக அவன் சிரிக்காமல் பேசினான்.

சரி. இப்போது பிரேக் கட்டைக்கு வருகிறேன்.

ரெகுலேட்டரை மூடினேன் என்று சொன்னேன். பிறகு வண்டி நின்றது என்று சொன்னேன். இரண்டும் உண்மைதான். நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன்.

மூடினதும் என் புகைபோக்கி ஊமையாகிவிட்டது. வண்டி நிற்கவில்லை. வேகம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். பிறகு மெதுவாக, சீராக மேலே ஏறிக்கொண்டே இருந்தது. அந்த ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் இல்லாமல் நான் போனதே இல்லை. குருவிச் சத்தம் கேட்டது. பின்னால் தூரத்தில் மெத்தென்று அந்த மூச்சு. கிழவன் ஒருவன் படியேற முடியாமல் நிற்கும்போது, யாரோ முதுகில் கை வைத்து ஏற்றிவிடுவார்களே, அந்த மாதிரி இருந்தது. இருக்கையின் முதுகில் அந்தத் தள்ளல் பட்டது. அது புதிதில்லை. எத்தனையோ நாளாக அதே இடத்தில் பட்டுக்கொண்டிருந்ததுதான். நான் அதை என் எஞ்சினின் துள்ளல் என்று நினைத்திருந்தேன்.

பரீட்சை முடிந்துவிட்டது. விடை தெரிந்துவிட்டது. அங்கேயே நான் ரெகுலேட்டரைத் திறந்திருக்கலாம், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் சத்தம் நின்றதால் முன்னால் இருந்த கட்டை திரும்பத் தலையைத் தூக்கினான். அவன் திரும்பினால் பார்த்துவிடுவான். என் எஞ்சின் மூச்சே விடாமல் மலையேறுவதைப் பார்த்துவிடுவான். நான் வெறும் பாரம் என்பதைப் பார்த்துவிடுவான்.

அதனால் பிரேக்கைப் போட்டேன்.

சுலபமாக நிற்கவில்லை. ஏறிக்கொண்டே இருந்தது. இரண்டு கையாலும் முறுக்கினேன், காலை உதைத்துக்கொண்டு முறுக்கினேன். பிரேக் கட்டைகள் பழுக்கக் காய்ச்சித் தண்ணீர் விட்ட இரும்பு மாதிரிக் கத்தின, வாசனை வந்தது. அவ்வளவு பலமாகத் தள்ளினான். என்னை மேலே கொண்டுபோய்ச் சேர்க்க அவன் பட்ட பாட்டைவிட, அவனை நிறுத்த நான் பட்ட பாடு அதிகம். அவன் செத்தது புகையால் இல்லை ஐயா. நான் பிடித்து நிறுத்தினேன், நிறுத்தி வைத்தேன், டீ குடித்தேன், அவன் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லாமல் இருந்தேன். அதனால் செத்தான். அசட்டை என்று எழுதியதை அடித்துவிடுங்கள். அவளை வீட்டைவிட்டு எழுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். பிள்ளை இன்னும் விசில் நேரத்துக்கு ஜன்னலில் போய் நிற்கிறதாம்.

நீங்கள் எழுதினதை எனக்குப் படித்துக் காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எழுத்துக்கூட்டி நானும் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். பின் எஞ்சின் தள்ளியது என்று எழுதியிருக்கிறீர்களா? அதில் ஒரு சின்னத் திருத்தம். அன்றைக்கு என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பின் எஞ்சின் தள்ளியது.

மற்ற நாளெல்லாம் நான்தான் இழுத்தேன்.